சாரதியின் ஆசனமும் நடத்துநரின் படிக்கட்டும்

லொறிச் சாரதி ஒருவர் தமது வேலைநாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார் என்பது எவரும் அறிந்த விடயம். அதைச் சொல்வதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால், எல்லோரும் அறிந்த ஒன்றை அளந்து, எண்களில் எழுதி, மருத்துவ உலகமும் தொழில் வழங்குவோரும் மறுக்க முடியாத சான்றாக முன்வைப்பது வேறு காரியம். அதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1949 இல் லண்டன் மாநகர பஸ்களின் படிக்கட்டுகளில் தொடங்கிய அந்த அளவீடு, இன்று சாரதியின் தொடையில் ஒட்டப்படுகின்ற, தீப்பெட்டியிலும் சிறிய கருவி ஒன்றில் வந்து நிற்கிறது.

இந்த இடைக்காலத்தில் கருவிகள் மாத்திரம் மாறவில்லை. கேள்வியும் இடம் மாறியது. 'இந்தத் தொழில் மனிதனை என்ன செய்கிறது?' என்று தொடங்கிய ஆய்வு, காலப்போக்கில் 'இந்த மனிதன் ஏன் உடற்பயிற்சி செய்வதில்லை?' என்று கேட்கத் தொடங்கியது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, சாரதிகளின் உடலில் ஒட்டப்பட்ட கருவிகள் அந்தக் கேள்விக்கு என்ன பதிலைத் தந்திருக்கின்றன என்பதையே இங்கு எழுத முனைகிறேன்.

ஒரு பழைய அறிவுரை

உட்கார்ந்து செய்யும் தொழில் உடலுக்குக் கேடு விளைவிக்கும் என்ற எண்ணம் புதியதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி 1700 இல் மொடேனா நகரில் தொழிலாளரின் நோய்கள் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழமையாகக் கேட்கும் கேள்விகளுடன் 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவரே. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று அவர் இன்றும் போற்றப்படுகிறார்.

அந்த நூலில் தையற்காரர், சப்பாத்துத் தைப்போர் போன்ற, நாள் முழுவதும் உட்கார்ந்திருந்து வேலை செய்வோரைப் பற்றியும் ரமசினி எழுதினார். அவர்களுக்கு அவர் கூறிய அறிவுரை, விடுமுறை நாட்களிலாவது உடலை அசைத்துப் பயிற்சி செய்யுங்கள் என்பதாகும். வேலையை மாற்ற முடியாது, எனவே ஓய்வு நாளில் ஈடுசெய்து கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். இந்த அறிவுரையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் அதையே வெவ்வேறு வார்த்தைகளில் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரமசினியிடம் கூரிய கண்கள் இருந்தன. அளவுகோல் இருக்கவில்லை. உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார், நடப்பவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், இருவரில் யார் முதலில் நோயாளியாகிறார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

லண்டன் பஸ்களில் ஓர் ஆய்வு

அந்த ஒப்பீட்டைச் செய்தவர் ஜெரி மொறிஸ். போலந்திலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குடும்பம் ஒன்றில் 1910 இல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றினார். போர் முடிந்த பின்னர், 1948 இல், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் சமூக மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

அக்காலத்தில் பிரித்தானியாவில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது அதிகரித்துக்கொண்டு சென்றது. காரணம் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. தொழிலுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எண்ணிய மொறிஸ், வெவ்வேறு தொழில்களைச் செய்வோரை ஒப்பிட விரும்பினார். லண்டன் போக்குவரத்துச் சேவையில் அவருக்கு மிகப் பொருத்தமான ஓர் ஒப்பீடு கிடைத்தது. ஒரே பஸ்ஸில், ஒரே நேரத்தில், ஒரே பாதையில் இரண்டு மனிதர்கள் வேலை செய்கிறார்கள். இருவரும் ஒத்த சமூகப் பின்னணியைக் கொண்டவர்கள். ஒருவர் சாரதி, மற்றவர் நடத்துநர். முன்னவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னவர் இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுக்கிறார்.

மொறிஸின் குழுவினரிடம் உணரிகள் எவையும் இருக்கவில்லை. அவர்கள் பஸ்களில் ஏறி உட்கார்ந்து பல மணிநேரம் பயணம் செய்து, நடத்துநர் ஏறிய படிகளைத் தாங்களே எண்ணினார்கள். நடத்துநர் ஒருவர் ஒரு வேலைநாளில் 500 முதல் 750 வரையிலான படிகளை ஏறி இறங்குவதையும், சாரதி தமது வேலை நேரத்தில் 90 சதவீதம் உட்கார்ந்திருப்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். உடல் உழைப்பின் வரலாற்றில் மனிதக் கண்ணே உணரியாக இருந்த காலம் அது.

35 வயது முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் நோய்ப் பதிவுகள் ஆராயப்பட்டன. முடிவுகள் 1953 இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. ஆண்டொன்றுக்கு ஆயிரம் சாரதிகளுக்கு 2.7 பேர் என்ற அளவில் இருதய நாடி நோய் தோன்றியிருந்தது. நடத்துநர்களிடையே அது 1.9 ஆக இருந்தது. நடத்துநருக்கு நோய் வந்தாலும் அது பிந்திய வயதிலேயே வந்தது. உடனடியாக உயிரைப் பறிக்கும் வேகமும் அவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது.

முதலாவது கணக்கெடுப்பு 1949 இலேயே கைக்குக் கிடைத்த போதிலும், மொறிஸ் அதை அவசரப்பட்டு வெளியிடவில்லை. சாரதிக்குத் தெரு நெரிசலால் வரும் மனஅழுத்தம்தான் காரணம், உட்கார்ந்திருப்பதல்ல என்று யாராவது வாதிட முடியும் அல்லவா? அதனால் அவர் தபால் திணைக்களத்தைப் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதங்களை விநியோகிக்கும் தபாற்காரர்களையும், மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுதுவினைஞர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும் ஒப்பிட்டார். அங்கும் அதே வேறுபாடு. நடப்பவரின் இருதயம் உட்கார்ந்திருப்பவரின் இருதயத்திலும் பார்க்கப் பாதுகாப்பாக இருந்தது.

காற்சட்டையின் அளவு

மொறிஸின் நேர்மைக்குச் சான்றாக அமைந்த இன்னொரு கட்டுரை 1956 இல் வெளிவந்தது. லண்டன் போக்குவரத்துச் சேவை தனது ஊழியர்களுக்குச் சீருடை வழங்கியது. அதற்காக ஒவ்வொருவரின் இடுப்பளவும் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. எவரும் மருத்துவ ஆராய்ச்சிக்காக எழுதிவைக்காத அந்த அளவுகளை மொறிஸும் அவருடைய சகாக்களும் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா வயதுப் பிரிவுகளிலும் சாரதிகளின் காற்சட்டை இடுப்பு நடத்துநர்களின் காற்சட்டை இடுப்பிலும் பெரிதாக இருந்தது. இளம் வயதினரிடம்கூட இந்த வேறுபாடு காணப்பட்டது.

இதன் பொருள் பாரதூரமானது. சற்றுப் பருத்த உடல்வாகு உடையவர்கள் ஆரம்பத்திலேயே சாரதி வேலையைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்றால், நோய்க்குக் காரணம் ஆசனமா, அதில் வந்து அமரும் உடலா என்ற சந்தேகம் எழும். தமது சொந்த முடிவைப் பலவீனப்படுத்தக்கூடிய இந்தத் தகவலை மொறிஸ் மறைக்காமல் வெளியிட்டார். பின்னர் வந்த ஆய்வுகள் உடல் உழைப்பின் நன்மையை உறுதிப்படுத்தின. எனினும், இந்தச் சந்தேகத்தை முன்னால் வைத்துக்கொண்டே அவை நடத்தப்பட வேண்டியிருந்தது.

மொறிஸ் எண்ணிய படிக்கட்டுகளுக்கும் எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அதன் பின்னர் லண்டனில் சேவையிலிருந்து விலக்கப்பட்ட ஆர்.ரி. வகை இரட்டைத்தட்டு பஸ்கள் பெரும் எண்ணிக்கையில் இங்கு கொண்டுவரப்பட்டன. மொறிஸின் ஆய்வுக் காலத்தில் லண்டன் தெருக்களில் ஓடிய அதே வகை பஸ்கள்தான் அவை. பத்திரிகைத்துறையில் காலடி வைத்த நாட்களில் கொழும்பில் அந்தச் சிவப்பு பஸ்களில் பயணம் செய்தவன் நான். தோளில் தொங்கும் பையுடன் நடத்துநர் அந்த ஒடுங்கிய வளைபடிகளில் ஏறி இறங்குவதைப் பலநூறு தடவைகள் பார்த்திருக்கிறேன். அந்தப் படிகள் ஒரு மருத்துவ ஆய்வின் அளவுகோலாக இருந்தவை என்பது அன்று எங்களில் எவருக்கும் தெரியாது.

லண்டனில் அந்த ஒப்பீட்டை இன்று மீண்டும் செய்ய முடியாது. நடத்துநருடன் ஓடிய கடைசி ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பர் 9 ஆம் திகதி வழமையான சேவையிலிருந்து விலக்கப்பட்டன. படியேறிய மனிதரின் வேலை மறைந்துவிட்டது. உட்கார்ந்திருந்த மனிதரின் வேலை எஞ்சியது. பயணச்சீட்டைப் பார்க்கும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது.

தொழிலிலிருந்து ஓய்வு நேரத்துக்கு

இவ்வாறான மாற்றம் பஸ்களில் மாத்திரம் நிகழ்ந்த ஒன்றல்ல. அமெரிக்காவில் ரால்ஃப் பஃபன்பார்கர் என்ற மருத்துவ ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பாரமான சுமைகளைத் தூக்கும் தொழிலாளர்களிடையே இருதய நோயால் ஏற்படும் மரணங்கள், இலகுவான வேலை செய்வோரிலும் பார்க்கக் குறைவாக இருந்ததை 1975 இல் வெளியான அவரது கட்டுரை காட்டியது. ஆனால், அந்தக் கட்டுரை வெளிவந்த வேளையில் கொள்கலன்கள் துறைமுகங்களை ஆக்கிரமிக்கத் தொடங்கிவிட்டன. மூட்டை சுமந்தவர்களின் இடத்தைப் பாரந்தூக்கி இயந்திரங்கள் பிடித்தன. அந்தக் கொள்கலன்களை ஏற்றிச் செல்ல லொறிகள் பெருகின. சுமந்து உழைத்த வேலைகள் குறைந்து, உட்கார்ந்து ஓட்டும் வேலைகள் கூடின.

இதை உணர்ந்த ஆய்வாளர்கள் தமது பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தொழிலில் உடல் உழைப்பு அருகிவரும் காலத்தில், ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இருதயத்தைக் காக்குமா என்பதே அடுத்த கேள்வியாயிற்று. மொறிஸ் பிரித்தானிய அரச ஊழியர்களின் ஓய்வுநேரப் பழக்கங்களை ஆராய்ந்தார். பஃபன்பார்கர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களை ஆராய்ந்தார். உற்சாகமான உடற்பயிற்சி செய்வோர் நோயிலிருந்து பெருமளவு காக்கப்படுகிறார்கள் என்று இருவரும் கண்டார்கள். 1996 இல் விளையாட்டு விஞ்ஞானத்துக்கான ஒலிம்பிக் பரிசு இருவருக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. மொறிஸ் தாமும் ஓடி, நீந்தி, 2009 ஒக்டோபரில் தமது 99 ஆவது வயதில் காலமானார்.

இந்த ஆய்வுகள் உலகத்துக்குப் பெரும் நன்மை செய்தன. அதே நேரத்தில் ஒரு பக்கவிளைவும் ஏற்பட்டது. உடற்பயிற்சி என்பது தனிமனிதனின் விருப்பம், ஒழுக்கம், மனவுறுதி ஆகியவற்றைச் சார்ந்த விடயமாகிவிட்டது. காலையில் எழுந்து நடப்பவர் பொறுப்பானவர், நடக்காதவர் சோம்பேறி என்ற எண்ணம் வேரூன்றியது. அரச அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்கு வேலை முடித்து வருபவருக்கு அது பொருந்தக்கூடும். நள்ளிரவில் புறப்பட்டு மறுநாள் மாலையில் இன்னொரு நகரத்தில் வாகனத்தை நிறுத்தும் லொறிச் சாரதிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும்?

அடிகளை எண்ணிய கருவிகள்

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்குச் சாரதியைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். லண்டன் பஸ்ஸில் உட்கார்ந்து நடத்துநரைக் கவனித்தது போல, நெடுந்தூர லொறியில் ஏழு நாட்கள் உட்கார்ந்து சாரதியைக் கவனிப்பது நடவாத காரியம். அவரிடமே கேட்டு எழுதினால், மனிதர்கள் தாங்கள் நடந்ததைக் கூட்டியும் உட்கார்ந்ததைக் குறைத்தும் சொல்வது வழக்கம். எனவே கருவி தேவைப்பட்டது.

அடிகளை எண்ணும் பெடோமீற்றரைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர்கள் ஜப்பானியர். 1964 இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்ற பின்னர், 1965 இல், யமாசா என்ற நிறுவனம் 'மன்போ-கெய்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பது அந்தப் பெயரின் பொருள். நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் சொல்லப்படும் இலக்கு அந்த விற்பனைப் பெயரிலிருந்து பரவியதே. 2019 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 72 வயதுடைய 16,741 பெண்கள் கருவி அணிந்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே, 2,700 அடிகள் நடந்தவர்களிலும் பார்க்க மரணங்கள் குறைவாக இருந்தன. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் நன்மை அதிகரிக்கவில்லை.

பெடோமீற்றருக்கு அடுத்து வந்தது ஆர்முடுகல்மானி. இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஆர்முடுகல் என்ற சொல் பழக்கமானது. தமிழகத்தில் அதை முடுக்கம் என்பார்கள். வேகம் மாறுவதை உணர்ந்து மின் சமிக்ஞையாக மாற்றும் கருவி இது. மோதலின்போது மோட்டார் வாகனங்களின் காற்றுப்பைகளை விரியச் செய்வதற்காக 1990 களில் சிறு சிலிக்கன் துண்டுகளில் இவை பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்டன. அதனால் விலை வீழ்ந்தது, அளவும் சுருங்கியது. வாகனத்தைக் கவனிப்பதற்காக மலிந்த தொழில்நுட்பம் இவ்வாறு மனித உடலைக் கவனிக்கவும் வந்து சேர்ந்தது. 2013 முதல் 2015 வரை பிரித்தானியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தகைய கருவியை ஏழு நாட்கள் மணிக்கட்டில் அணிந்து ஓர் ஆய்வுக்கு உதவினார்கள்.

ஆனால் லொறிச் சாரதியை அளப்பதில் ஒரு தனிப்பட்ட சிக்கல் இருந்தது. வாகனம் ஓடும்போது அதிர்கிறது. குழியில் விழுந்து எழும்புகிறது. கருவியோ அசைவை மட்டுமே அறியும். அசைந்தது மனிதனா, அவன் உட்கார்ந்திருக்கும் வாகனமா என்பது அதற்குத் தெரியாது. ஸ்டியரிங்கைத் திருப்பும் கையில் கட்டப்பட்டால் நிலைமை இன்னும் குழப்பமாகும். ஒரு அடிகூட எடுத்து வைக்காத மனிதரை அது சுறுசுறுப்பானவர் என்று காட்டிவிடக்கூடும்.

இதற்கு எளிமையான ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. கருவியைத் தொடையில் ஒட்டிவிடுவதே அந்த வழி. நிற்கும்போது தொடை செங்குத்தாக இருக்கும். உட்காரும்போது ஏறத்தாழக் கிடையாக இருக்கும். புவியீர்ப்பு எந்தத் திசையிலிருந்து இழுக்கிறது என்பதை வைத்தே மனிதர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று கருவி அறிந்துகொள்ளும். வாகனம் எவ்வளவு குலுங்கினாலும் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவராகவே பதிவாவார். இந்த வகையில் பெரிதும் பயன்படும் 'அக்டிவ்பால்' என்ற கருவி, மொறிஸ் வளர்ந்த அதே கிளாஸ்கோ நகரில் உருவானது.

முதலில் அளக்கப்பட்டது வாகனமே

சாரதியின் உடல் அளக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே அவருடைய வாகனம் அளக்கப்பட்டது. ஐரோப்பிய சமூகம் 1969 இல் சாரதிகளின் வேலை நேரத்தை வரையறுக்கும் விதிகளையும், 1970 இல் 'டக்கோகிராஃப்' என்ற பதிவுக் கருவி பற்றிய விதியையும் கொண்டுவந்தது. வாகனம் எப்போது ஓடியது, எந்த வேகத்தில் ஓடியது, எப்போது நின்றது என்பதை அது பதிவு செய்தது. பிரித்தானியச் சாரதிகளின் தொழிற்சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. 'வாகனத்துக்குள் இருக்கும் ஒற்றன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரித்தானியா விதியை நடைமுறைப்படுத்தத் தவறியதாக 1979 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அது அங்கு கட்டாயமாகியது. அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

இந்த விதிகள் தேவையானவை. தூக்கமின்றி வாகனம் ஓட்டி நேரும் விபத்துகளைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். ஐரோப்பிய விதியின்படி, நாலரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை எடுக்க வேண்டும். ஆனால், அந்த 45 நிமிடங்களில் சாரதி எழுந்து நடந்தாரா, அதே ஆசனத்தில் சாய்ந்திருந்தாரா என்பது டக்கோகிராஃபுக்குத் தெரியாது. சக்கரம் நின்றால் அதன் கணக்கில் அது ஓய்வு. உடல் எங்கே இருந்தது என்ற கேள்வி அதன் பதிவில் எழுவதில்லை.

தொடையில் ஒட்டிய கருவி சொன்னது

2010 இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் நெடுஞ்சாலையோரத் தரிப்பிடங்கள் 32 இல் 1,670 நெடுந்தூரச் சாரதிகளைச் சந்தித்து விபரம் திரட்டியது. அவர்களுள் 69 சதவீதத்தினர் உடற்பருமன் கொண்டவர்கள். நாட்டின் ஏனைய உழைப்பாளர்களிடையே அந்த விகிதம் 31 சதவீதமாக இருந்தது. புகைப்போரின் விகிதமும் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 159 ஆண் லொறிச் சாரதிகளின் தொடைகளில் கருவியை ஒட்டி ஏழு நாட்கள் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2017 இல் வெளிவந்தன. வேலைநாளில் அவர்கள் சராசரியாகச் சுமார் 13 மணிநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வேலையில்லாத நாளிலோ சுமார் 8 மணிநேரம்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அளக்கப்பட்டவர்கள் ஒரே மனிதர்கள். திங்கட்கிழமை 13 மணிநேரம் உட்கார்ந்திருக்கும் அதே மனிதர், ஓய்வு நாளில் ஐந்து மணிநேரம் குறைவாகவே உட்கார்ந்திருக்கிறார். சாரதிகள் இயல்பாகவே சோம்பேறிகள், அதனால்தான் அந்தத் தொழிலைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்று வாதிட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. 1956 இல் காற்சட்டை அளவு எழுப்பிய சந்தேகத்துக்கு, உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பொறுத்த அளவிலாவது, இந்தச் சிறிய கருவி விடை கூறிவிட்டது.

அதன் பின்னர் அதே ஆய்வாளர்கள், பேராசிரியர் ஸ்டேசி கிளெமிஸின் தலைமையில், 'ஷிஃப்ட்' என்ற பெயரில் ஒரு பெரிய பரிசோதனையை நடத்தினார்கள். 25 வாகனத் தரிப்பிடங்களைச் சேர்ந்த 382 சாரதிகள் இதில் பங்குபற்றினார்கள். சராசரி வயது 48. ஒரு பகுதியினருக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு நடத்தப்பட்டது. அடிகளை எண்ணும் கைக்கருவி வழங்கப்பட்டது. யார் அதிகம் நடக்கிறார் என்ற போட்டிகளும் வைக்கப்பட்டன. லொறியின் முன்னறைக்குள்ளேயே செய்யக்கூடிய பயிற்சிகளுக்கான இறப்பர்ப் பட்டிகளும் கொடுக்கப்பட்டன. மற்றப் பகுதியினர் வழமை போல வேலை செய்தார்கள்.

ஆறு மாதங்களின் பின்னர் அளந்தபோது, பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களிலும் பார்க்க நாளொன்றுக்குச் சராசரியாக 1,008 அடிகள் அதிகம் நடந்தார்கள். அந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் முன்னைய அளவைப் பெரும்பாலும் காத்துக்கொண்டார்கள், பயிற்சி பெறாதவர்களின் அளவு வீழ்ந்துவிட்டது என்பது புலப்படும். 16 முதல் 18 மாதங்களின் பின்னர் மீண்டும் அளந்தபோது அந்த வேறுபாடு நிலைத்திருக்கவில்லை. இடையில் கொரோனாப் பெருந்தொற்றும் குறுக்கிட்டது. அத்துடன், ஆறாம் மாதத்தில் பயன்படுத்தக்கூடிய அளவீடு 382 பேரில் 209 பேரிடமிருந்தே கிடைத்தது. 2022 இல் வெளியான ஆய்வறிக்கை இவை அனைத்தையும் வெளிப்படையாகவே கூறுகிறது.

இந்த முடிவைத் தோல்வி என்று சொல்வது நியாயமல்ல. அறிவுரையும் ஊக்கமும் மனிதனை ஓரளவுக்கு அசைக்கும் என்பதை அது நிரூபித்தது. அதே ஆசனமும், அதே கால அட்டவணையும், அதே தரிப்பிடமும் இருக்கும்வரை அந்த அசைவு நீடிக்காது என்பதையும் சேர்த்தே உணர்த்தியது. இவ்விடத்தில்தான் ரமசினியின் பழைய அறிவுரையின் எல்லை தெரிகிறது.

சாரதியின் பக்கத்தில் நின்று பார்த்தால்

இரவில் அச்சான பத்திரிகைக் கட்டுகளை வெளி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் வாகனங்களில் நான் பல தடவைகள் பயணம் செய்ததுண்டு. வடக்கு நோக்கிய அத்தகைய ஒரு பயணத்தில், பல மணிநேரமாக ஆசனத்தை விட்டு எழும்பாதிருந்த சாரதியிடம், 'அண்ணை, இறங்கிக் கொஞ்சம் நடவுங்கோவன்' என்றேன். 'நடக்கிற நேரத்தில வவுனியாவைத் தாண்டியிடலாம் தம்பி. பேப்பர் பிந்தினால் ஏச்சு எனக்குத்தானே' என்று அவர் சிரித்தார். உடல்நலம் பற்றிய அறியாமை அவரிடம் இருக்கவில்லை. நேரம்தான் அவரிடம் இருக்கவில்லை. அந்த நேரத்தை வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பத்திரிகை விடிவதற்குள் சேர வேண்டும் என்று எதிர்பார்த்த எங்களையும் அவர்களுள் சேர்க்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் நெடுந்தூரச் சாரதிகள் பலருக்கு ஓடிய மைல் கணக்கில் ஊதியம் வழங்கப்படுகிறது. எமது நாட்டிலும் பயணத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. சக்கரம் சுழன்றால்தான் பணம் என்ற ஏற்பாட்டில், இறங்கி நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சாரதியின் சட்டைப்பையிலிருந்து போகிறது. இதை மாற்றாமல் அவருக்கு இறப்பர்ப் பட்டியைக் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைப்பதைப் போன்றது. பாத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூரையை யார் வேய்வது என்று கேட்கிறேன்.

இன்னொரு விடயமும் கவனிக்கத்தக்கது. பிரித்தானியாவில் பாரவூர்தி அனுமதிப்பத்திரம் வைத்திருப்போர் 45 வயது முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு தடவையும், 65 வயதின் பின்னர் ஆண்டுதோறும் மருத்துவத் தகுதியை நிரூபிக்க வேண்டும். உடல்நிலை பற்றிய தகவல் ஒரு சாரதியின் பிழைப்பையே பறிக்கக்கூடும். டக்கோகிராஃபை ஒற்றன் என்று அழைத்த தலைமுறையின் பிள்ளைகள், தொடையில் ஒட்டும் கருவியை எவ்வாறு நம்புவார்கள்? ஆய்வாளரிடம் கொடுத்த அளவீடு முதலாளியின் மேசைக்குப் போகாது என்ற உறுதி இல்லையென்றால், நோயுள்ளவர்களே முதலில் ஒதுங்கிக்கொள்வார்கள். எஞ்சியிருக்கும் ஆரோக்கியமானவர்களை அளந்து நாம் ஆறுதல் அடைவோம்.

2021 இலையுதிர் காலத்தில் பிரித்தானியாவில் லொறிச் சாரதிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருள் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. எரிபொருள் கொண்டுசெல்ல இராணுவச் சாரதிகள் அழைக்கப்பட்டார்கள். கடைகளில் பொருட்கள் தாமாக வந்து சேர்வதில்லை என்பதைப் பொதுமக்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். அந்தப் பொருட்களைக் கொண்டுவருபவர் நாளொன்றுக்கு 13 மணிநேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

படிக்கட்டில் ஏறிய நடத்துநர் உடற்பயிற்சி செய்யவில்லை. வேலை செய்தார். அவருடைய இருதயத்தைக் காத்தது மனவுறுதியல்ல, அந்த வேலை அமைந்திருந்த விதம். மொறிஸின் முதலாவது ஆய்விலேயே இந்த உண்மை இருந்தது. சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் நடப்பதற்கு வசதியான தரிப்பிடம், காத்திருக்கும் நேரத்துக்கும் ஊதியம், இடைவேளையை உண்மையான இடைவேளையாக விட்டுவைக்கும் கால அட்டவணை ஆகியவற்றை ஒரு சாரதி தனியாக நின்று உருவாக்கிக்கொள்ள முடியாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் அரசாங்கங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் அது. அளவீடு தன் வேலையைச் செய்துவிட்டது. இனிமேலும் சாரதியை அளந்துகொண்டே இருப்பதற்கு முன்னர், அவருடைய வேலைநாளை ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும்.